டயரின் வயது

டயர் மூப்பு என்பது, ஓடித் தேய்வதால் அல்லாமல், காலம் செல்லச் செல்ல டயரின் ரப்பர் வேதிமாற்றம் அடைந்து வலுவிழப்பதைக் குறிக்கும். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். மூப்பு பெரும்பாலும் தெரியாது. "பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் ஓடும்" என்று நாம் சொல்லும்போது டயருக்கு உள்ள இரண்டு வயதுகளில் ஒன்றை மட்டுமே பார்க்கிறோம். ஒன்று அது ஓடிய தூரம். மற்றொன்று அது பிறந்த நாளிலிருந்து கழிந்த காலம்.

பட்டன் தேயாத டயரும் உயிரைப் பறிக்கலாம் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு விபத்து சான்றாக உள்ளது. 2012 செப்டம்பர் 10 அன்று, வைட் தீவில் நடந்த இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய பேருந்து ஒன்று சர்ரே மாவட்டத்தில், ஏ3 நெடுஞ்சாலையில் ஹைண்ட்ஹெட் என்னும் ஊருக்கு அருகே முன் டயர் செயலிழந்து, சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தனர். விசாரணையில், அந்த டயர் 19 ஆண்டுகள் பழையது என்று தெரியவந்தது. அதாவது, டயர் அந்தப் பேருந்தைவிட மூத்தது. ஆனாலும் அதில் பட்டன் போதிய அளவு இருந்தது. அன்றைய சட்டம் பட்டனின் ஆழத்தைத்தான் கேட்டது, வயதைக் கேட்கவில்லை. ஆகவே சட்டப்படி அது ஓடத் தகுதியான டயர். இறந்த பயணிகளில் ஒருவருக்கு வயது 18. அவருடைய தாய் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல், 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்களை லாரி, பேருந்து ஆகியவற்றின் முன் அச்சிலும், சிற்றுந்துகளின் ஒற்றைச் சக்கரங்களிலும் பயன்படுத்த அங்கே தடை வந்தது.

ரப்பருக்கு என்ன நேர்கிறது

இயற்கை ரப்பர் என்பது ஐசோபிரீன் என்ற சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் மீள்தன்மையும் பெறுவதைக் கண்டறிந்தார். கந்தகம், பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையே ஏணிப்படி போலக் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறது. இதுவே வல்கனைசேஷன். பள்ளிப் பாடம் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் டயருக்குள் இந்த வினை முழுமையாக முடிவதில்லை. டயர் சூடாகும்போதெல்லாம் புதிய பிணைப்புகள் சிறிது சிறிதாக உருவாகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சங்கிலிகளோடு வினைபுரிகிறது. விளைவாக ரப்பர் இறுகுகிறது. இழுத்தால் நீண்டு கொடுக்கும் தன்மை குறைந்து, கிழியும் தன்மை கூடுகிறது.

வெளிப்புறத்தில் ஓசோன் தாக்குகிறது. ரப்பர் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் வெட்டிவிடும். காற்றில் ஓசோன் மிகக் குறைந்த அளவில்தான் இருக்கிறது என்றாலும் ரப்பருக்கு அதுவே போதும். இதில் ஒரு நுட்பம் உண்டு: ஓசோனால் விரிசல் விழுவது இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரில்தான். இதை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு ரப்பர் பேண்டுகளை எடுங்கள். ஒன்றைத் தளர்வாகவும், மற்றொன்றை ஒரு பாட்டிலின் மேல் நன்றாக இழுத்து மாட்டியும் மொட்டைமாடி நிழலில் வையுங்கள். சில நாட்களில் இழுத்து மாட்டியதில் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் தோன்றும், பிறகு அறுந்துவிடும். தளர்வாகக் கிடந்தது அப்போதும் பயன்படும் நிலையில் இருக்கும். டயரின் பக்கச்சுவர் காற்றின் அழுத்தத்தால் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. அதனால்தான் முதல் விரிசல்கள் அங்கே தோன்றுகின்றன.

இதைத் தடுக்க, தயாரிப்பாளர்கள் ரப்பர் கலவையில் மெழுகையும் ஓசோன் எதிர்ப்பு வேதிப்பொருள்களையும் சேர்க்கின்றனர். இவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, ரப்பருக்குப் பதிலாகத் தாங்களே ஓசோனுடன் வினைபுரிந்து தீர்ந்துபோகின்றன. பழைய டயரின் பக்கவாட்டில் காணப்படும் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல, பெரும்பாலும் இந்தப் பொருள்தான். பளபளப்புக்காக அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது டயருக்கு நன்மை செய்வதில்லை. (இந்தப் பொருள்களில் முக்கியமான 6பிபிடி, ஓசோனுடன் சேர்ந்து உருவாகும் சேர்மம் மழைநீரோடு ஓடைகளில் கலந்து, அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் கண்டறியப்பட்டது. டயரைக் காப்பது ஆற்றைக் கெடுக்கிறது. மாற்றுப் பொருளைத் தேடும் பணி நடந்துவருகிறது.)

உள்ளிருந்து தொடங்கும் சிதைவு

மேலே கண்ட விரிசல்களைவிட ஆபத்தானது வெளியே தெரியாத சிதைவு. இன்றைய ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக உள்ளன. எஃகும் ரப்பரும் தாமாக ஒட்டாது. கம்பிகளுக்குப் பித்தளைப் பூச்சுக் கொடுத்து, அதிலுள்ள செம்பு கந்தகத்துடன் வினைபுரியும்படி செய்துதான் ஒட்டவைக்கிறார்கள். இந்தப் பட்டைகளின் ஓரத்தில், டயரின் தோள் பகுதியில், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமான வளைவும் சூடும் ஏற்படுகின்றன.

டயருக்குள் நாம் அடைப்பது சாதாரணக் காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அழுத்தத்தில் இருக்கும் அந்த ஆக்சிஜன் உள்பூச்சையும் ஊடுருவி, சிறிது சிறிதாக ரப்பர் வழியே வெளிநோக்கிச் செல்கிறது. போகிற வழியில் பட்டை ஓரத்து ரப்பரை இறுகச் செய்கிறது. இறுகிய ரப்பரில் முதலில் நுண்ணிய வெடிப்பு உண்டாகிறது. பிறகு அது இரண்டு எஃகுப் பட்டைகளுக்கு நடுவே வளர்கிறது. இவ்வளவும் நடந்து முடியும் வரை வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் இருக்கலாம். ஒருநாள், வெயில் வேளையில், முழுப் பாரத்தோடு, வேகமாகப் போகும்போது மேல்பட்டை அப்படியே உரிந்து வந்துவிடும். நெடுஞ்சாலை ஓரங்களில் பாம்புச் சட்டை போலக் கிடக்கும் ரப்பர்த் துண்டுகள் சில இவ்வாறு வந்தவை.

நைட்ரஜன் அடைத்தால் இது குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளிருந்து செல்லும் ஆக்சிஜன் குறைவதால் கொள்கையளவில் நன்மை இருக்கிறது. ஆனால் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. வெளிப்புற ஓசோனையும் வெயிலையும் நைட்ரஜன் தடுப்பதில்லை. காசு கொடுத்து நைட்ரஜன் அடைத்துவிட்டு மாதக்கணக்கில் அழுத்தத்தைப் பார்க்காமல் இருப்பதைவிட, சாதாரணக் காற்றை ஒழுங்காகப் பார்த்து அடைப்பது மேல் என்பது என் கருத்து.

வெப்பமும் காற்றழுத்தமும்

வேதிவினைகள் வெப்பத்தில் விரைவுபடும். தோராயமாக, வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் வினையின் வேகம் இரு மடங்காகும் என்று மேல்நிலை வகுப்புகளில் சொல்லித்தருகிறோம். டயருக்கும் இது பொருந்தும். ஆகவே குளிர்நாட்டில் பத்து ஆண்டு தாங்கும் டயர், நம்முடைய ஊர் வெயிலிலும் பத்து ஆண்டு தாங்கும் என எதிர்பார்க்க முடியாது.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய அளவில் சான்று கிடைத்தது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்த அந்த டயர்களில் மேல்பட்டை உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். டயரின் வடிவமைப்பு, தயாரிப்பு, வண்டியின் தன்மை, பரிந்துரைக்கப்பட்ட 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த காற்றழுத்தம் எனப் பல காரணங்கள் விவாதிக்கப்பட்டன. ஆனால் விபத்துகள் வெப்பமான தென் மாநிலங்களில் குவிந்திருந்ததை எல்லாரும் கவனித்தனர். பிறகு அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு டயர் மூப்பைப் பற்றி ஆராய்ந்தது. அதன் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு இடம்பெற்றுள்ளது: டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 27 விழுக்காட்டினர்; ஆனால் டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 விழுக்காடு அங்கிருந்தே வந்தன. அவற்றிலும் 84 விழுக்காடு, ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட டயர்களைப் பற்றியவை.

இங்கே நம் ஊரில் பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். கோடையில் காற்று சூடாகி விரிந்து டயர் வெடித்துவிடும், ஆகவே காற்றைக் குறைத்து அடைக்க வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் 30 பாகையில் 33 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், ஓடும்போது 60 பாகைக்குச் சூடாகிறது என்று கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் தொடக்க அழுத்தம் ஏறத்தாழ 47.7 பி.எஸ்.ஐ. கெல்வின் அளவில் வெப்பநிலை 303-லிருந்து 333 ஆகிறது. எனவே அழுத்தம் 52.4 ஆகும், மானியில் ஏறக்குறைய 38 காட்டும். உயர்ந்தது ஐந்து பி.எஸ்.ஐ.க்கும் குறைவு. கார் டயர்கள் பலவற்றின் பக்கச்சுவரிலேயே உச்ச அளவு 44 அல்லது 51 பி.எஸ்.ஐ. என்று பொறிக்கப்பட்டிருக்கும். இந்த உயர்வு எதிர்பார்க்கப்பட்டதுதான். நல்ல டயர் இதனால் வெடிக்காது.

உண்மையில் கெடுப்பது காற்றுக் குறைவு. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் அந்த இடம் சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சூடுதான் இங்கும். காற்றைக் குறைத்து அடைப்பவர், எதற்குப் பயந்தாரோ அதையே வரவழைத்துக்கொள்கிறார். சரியான அளவு, ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறமோ ஒட்டப்பட்டிருக்கும். வண்டி சில மணி நேரமாவது நின்று டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சூடான டயரில் அளவு கூடுதலாக இருக்கிறது என்று காற்றைத் திறந்துவிடக் கூடாது.

ஓடாத வண்டியும் ஸ்டெப்னியும்

நிறுத்திவைத்த வண்டியின் டயர் பத்திரமாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். மேற்பரப்புக்குக் கசிந்து வரும் மெழுகும் எதிர்ப்புப் பொருள்களும் டயர் ஓடி வளைந்து கொடுக்கும்போதுதான் நன்றாக வெளிவருகின்றன. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் டயருக்கு அந்தக் கவசம் சரியாகக் கிடைப்பதில்லை. பாரமும் ஒரே பகுதியில் அழுத்துகிறது.

ஓய்வுபெற்ற ஆண்டு வாங்கிய என் கார், சந்தைக்கும் கோயிலுக்கும் என்று ஏழு ஆண்டுகளில் 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பேத்தியை அழைத்துக்கொண்டு மதுரை போவதற்கு முதல் நாள் காற்று அடைக்கப் போனேன். பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. பஞ்சர் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "சார், பட்டனை விடுங்க, டயர் எந்த வருஷத்துதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். நாற்பது ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு அப்படி ஒன்று பார்க்க வேண்டும் என்பதே தெரியவில்லை. சக்கரத்தைக் கழற்றியபோது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத உட்பக்கச் சுவரில், வறண்ட கண்மாய் மண் போல வெடிப்புகள் ஓடியிருந்தன. ஸ்டெப்னி ஒருநாள்கூடத் தரையைத் தொட்டதில்லை. அதற்கும் அதே வயது. மதுரைப் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது.

ஸ்டெப்னி என்ற சொல், வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-இல் அங்கே தாமஸ் டேவிஸ் என்பவர் மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார். இங்கிலாந்தில் இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் புரிந்துகொள்பவர்கள் குறைவு. நாம்தான் காப்பாற்றி வைத்திருக்கிறோம். சொல்லைக் காப்பாற்றிய அளவுக்குப் பொருளைக் கவனிப்பதில்லை. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றுகூடப் பலர் பார்ப்பதில்லை.

பிறந்த தேதியை அறிவது

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம். பல டயர்களில் இதற்கு முன்னால் டி.ஓ.டி. என்ற எழுத்துகளும் ஆலைக் குறியீடும் வரும். சில டயர்களில் தேதி ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தால் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தியது. பழைய டிரெய்லரிலோ ஷெட்டில் கிடக்கும் வண்டியிலோ அப்படி ஒன்றைக் கண்டால், மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

எப்போது மாற்றுவது

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 94-ஆம் விதி பட்டனின் குறைந்தபட்ச ஆழத்தைக் கூறுகிறது: இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு 1.6 மில்லிமீட்டர். பட்டன் பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். மேடு எங்கே என்று தேட, டயரின் தோளில் ஒரு சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ காட்டும். மழைக்காலத்தில் இந்த எல்லைவரை காத்திருப்பது சரியல்ல. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேறும். வயதைப் பற்றி அந்த விதி எதுவும் கூறவில்லை. சர்ரே விபத்துக்கு முன் இங்கிலாந்துச் சட்டம் இருந்த நிலையும் இதுதான்.

வயதைப் பொறுத்தவரை உலகம் முழுவதும் ஒரே எண் இல்லை. கார் தயாரிப்பாளர்கள் பலர் பட்டன் எப்படி இருந்தாலும் ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றனர். மிஷெலின் போன்ற டயர் நிறுவனங்கள், ஐந்து ஆண்டு பயன்பாட்டுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்கவும், தயாரித்த தேதியிலிருந்து பத்து ஆண்டுக்கு மேல் எதையும், ஸ்டெப்னி உட்பட, பயன்படுத்த வேண்டாம் என்றும் கூறுகின்றன. இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எங்கே நிற்பது என்பதை வெப்பமும் பயன்பாடும்தான் முடிவு செய்யும். வெயிலில் நிற்கும், நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடும் வண்டியென்றால் ஆறு ஆண்டையே எல்லையாகக் கொள்வது நல்லது என்று நான் கருதுகிறேன்.

வயது எதுவானாலும் உடனே கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. பக்கச்சுவரிலோ பட்டன் பள்ளத்தின் அடியிலோ விரிசல், எங்கேயாவது புடைப்பு, கம்பியோ நூலோ வெளியே தெரிவது. சமமான சாலையில் திடீரென்று புதிதாக ஒரு அதிர்வோ, வேகத்துக்கேற்ப மாறும் தட்தட் ஓசையோ தொடங்கினால் மேல்பட்டை பிரியத் தொடங்கியிருக்கலாம். வண்டியை ஓரம் கட்டிப் பார்க்க வேண்டும். ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைந்த பின் ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ரீட்ரெடிங்கும் பழைய டயரும்

தேய்ந்த டயருக்குப் புதிய பட்டன் ஒட்டுவது ரீட்ரெடிங். லாரிகளிலும் அரசுப் பேருந்துகளிலும் இது வழக்கமான, முறையாகச் செய்தால் நம்பத்தக்க தொழில். விமான டயர்களுக்கும் செய்கிறார்கள். ஆனால் புதிதாவது பட்டன் மட்டுமே. அடியில் உள்ள உடல் பழைய வயதோடுதான் இருக்கும். நல்ல பட்டறையில் உடலைச் சோதித்துத் தகுதியில்லாததை ஒதுக்கிவிடுவார்கள். கார்களிலிருந்து கழற்றிய டயரைக் கழுவி, கறுப்புப் பூசி, "நல்ல பட்டன் சார்" என்று விற்கும் இடங்களில் அப்படிச் சோதனை எதுவும் நடப்பதில்லை. பூச்சு, விரிசலை மறைக்கும். நான்கு இலக்கங்களை மறைக்காது.

புதிய டயர் வாங்கும்போதும் தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும். நிழலான, குளிர்ந்த கிடங்கில் காற்று அடைக்காமல் வைத்த டயர் ஓடும் டயரைவிட மெதுவாகவே மூப்படையும் என்பதால் சில மாதங்கள் பழையது என்று தயங்க வேண்டாம். ஓர் ஆண்டைத் தாண்டியிருந்தால் வேறு கேட்கலாம். நான்கையும் மாற்றப் பணம் இல்லை, இரண்டுதான் முடியும் என்றால், புதிய இரண்டையும் பின்புறம் போடச் சொல்லுங்கள். முன்புறம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் உடனே தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஈரச் சாலையில் பின்புறம் பிடியை இழந்தால் வண்டி சுழன்றுவிடும். முன் சக்கர இழுவை உள்ள கார்களுக்கும் இதுவே பொருந்தும்.